டாக்வுட் மரம் தாப்பாவில் பூக்குமா? – வாசகர் தோட்டம்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தாப்பாவிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் இம்முறை டாக்வுட் என்னும் குளிர்நாட்டு அழகுமரத்தைப் பற்றிய கேள்விகளே மிகுந்திருந்தன. வெளிநாட்டுப் பயணத்தில் அம்மரத்தைக் கண்டு மனத்தைப் பறிகொடுத்தவர்களும், பிள்ளைகள் வாழும் நாட்டில் அதைப் பராமரிக்க வழி தேடுகிறவர்களும் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாதலால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அம்மரத்துக்கும் அதன் உறவுச் செடிகளுக்குமே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரல் மாத இறுதியில் தோக்கியோவுக்குச் சென்றிருந்தபோது, சாலையோரங்களில் நான்கு இதழ்களுடன் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூத்திருந்த டாக்வுட் மரங்களைப் பார்த்தேன். எங்கள் தாமான் வீட்டின் முன்புறத்தில் ஒன்றை வளர்க்க ஆசைப்பட்டு, இணைய அங்காடியில் விதை வாங்கித் தொட்டியில் விதைத்தேன். மூன்று மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் குறையா, என் பராமரிப்பில் குறையா? – வாசகி, தாப்பா

பதில்: அம்மா, உங்கள் பராமரிப்பில் குறை எதுவும் இல்லை. விதையும் நல்ல விதையாகவே இருந்திருக்கலாம். டாக்வுட் விதை ஈரமான குளிரில் ஏறத்தாழ மூன்று மாதம் கிடந்த பிறகே முளைக்கத் தொடங்கும். இலையுதிர்காலத்தில் கனி விழுந்து, பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் முளைவிடுவதே அதன் இயல்பு. விழுந்தவுடன் முளைத்தால் வரப்போகும் பனியில் இளங்கன்று மடிந்துவிடும் என்பதால், குளிரைக் கடந்தாலன்றி விழிக்காத ஒரு காப்பை அந்த விதை தனக்குள் கொண்டிருக்கிறது. இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் நம் ஊர்த் தொட்டியில் அந்தக் காப்பு விலகுவதற்கு வழியே இல்லை.

ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், உறையாத குளிரில், மூன்று மாதம் வைத்திருந்தால் சில விதைகள் முளைக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆயினும் அதை உங்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். குளிர் தேவைப்படுவது விதைக்கு மட்டுமன்று. வளர்ந்த மரத்துக்கும் ஆண்டுதோறும் அது தேவை. டாக்வுட் அடுத்த வசந்தத்துக்குரிய பூமொட்டுகளைக் கோடையிலேயே கிளை நுனிகளில் சிறு பொத்தான் வடிவில் உருவாக்கிவிடுகிறது. பகற்பொழுது குறையும்போது இலையுதிர்த்து உறக்கத்தில் ஆழ்கிறது. 7 டிகிரிக்குக் கீழான குளிரில் வாரக்கணக்கில் இருந்த பின்னரே அந்த மொட்டுகள் விரியும் தகுதியைப் பெறுகின்றன. பேராக்கில் பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது, குளிரும் இல்லை. உறங்கவும் முடியாமல் முறையாக விழிக்கவும் முடியாமல், மொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்து, நம் ஈரக்காற்றில் பூஞ்சணம் பற்றி, அந்தக் கன்று சிறுகச் சிறுகத் தேய்ந்துபோகும். ஓர் உயிரை அவ்வாறு வருந்த வைப்பதற்குப் பெயர் தோட்டக்கலை அன்று என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் தோக்கியோவில் ஏப்ரல் இறுதியில் பார்த்தது பெரும்பாலும் 'கார்னஸ் புளோரிடா' என்ற வட அமெரிக்க இனமாகவே இருக்க வேண்டும். தோக்கியோ நகரம் 1912ஆம் ஆண்டில் வாஷிங்டனுக்குச் செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. அதற்குக் கைம்மாறாக அமெரிக்கா 1915இல் டாக்வுட் கன்றுகளை ஜப்பானுக்கு அனுப்பியது. இரு நாடுகளுக்கும் பனிக்காலம் பொதுவானது என்பதால்தான் அந்தக் கைம்மாறு இரு பக்கமும் வேர்பிடித்தது. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளுக்கே உரிய 'கார்னஸ் கௌசா' என்ற மற்றோர் இனமும் உண்டு. அது சில வாரங்கள் கழித்து, இலைகள் விரிந்த பின்னரே பூக்கும். அமெரிக்க இனத்தின் வெள்ளைத் தகடுகள் நுனியில் சற்றே பிளவுபட்டிருக்கும். கௌசாவின் தகடுகள் கூர்மையாக முடியும்.

'தகடுகள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் கண்ட அந்த நான்கும் இதழ்களே அல்ல. அவை பூவடிச் செதில்கள். நடுவில் பச்சை மஞ்சளாகக் குவிந்திருக்கும் சிறு பொத்தான்தான் உண்மையான பூக்களின் கொத்து. பூச்சிகளை அழைக்கும் வேலையை அந்தச் செதில்கள் ஏற்றுக்கொள்கின்றன. நம் வீட்டு வேலிகளில் பூக்கும் காகிதப்பூவிலும் இதே ஏற்பாடுதான்: வண்ணம் காட்டுவது செதில், பூ உள்ளே சிறிதாக நிற்கிறது. இதை மனத்தில் கொண்டால், நீங்கள் விரும்பிய அழகை நம் வெயிலிலேயே பெற வழி உண்டு. சுங்காய் வாசகருக்கு அளித்துள்ள பதிலை அருள்கூர்ந்து படியுங்கள்.

கேள்வி: நான் ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவன். பால்மரம் ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கிறதே, அதுபோல் டாக்வுட்டும் நம் பருவத்துக்குப் பழகிக்கொள்ளாதா? இலைகளை நாமே பறித்துவிட்டால் மரம் ஏமாந்து பூக்காதா? – வாசகர், பீடோர்

பதில்: மரத்தோடு வாழ்ந்த ஒருவர்தான் இவ்வாறு கேட்க முடியும், ஐயா. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: இலை பழுக்கிறது, உதிர்கிறது, கிளைகள் வெறுமையாகின்றன, பின்பு துளிர் வருகிறது. ஆனால் அவற்றைத் தூண்டும் காரணங்கள் வேறு. அமேசான் காட்டிலிருந்து வந்த பால்மரம் மழை குறையும் மாதங்களின் வறட்சியை உணர்ந்து இலையை உதிர்க்கிறது. சில வாரங்களிலேயே மீண்டும் தழைத்துவிடுகிறது. அதற்குக் குளிர் எந்த வகையிலும் தேவையில்லை. டாக்வுட்டுக்கு இலையுதிர்வு என்பது ஒரு நீண்ட உறக்கத்தின் வாசல் மட்டுமே. அந்த உறக்கத்தை முறையாக முடித்து வைப்பது குளிர். வாசலைத் திறந்துவிட்டு உறக்கத்தைக் கொடுக்காமற் போனால் மரத்துக்குப் பயன் இல்லை.

இலையைப் பறிக்கும் யோசனை வெறும் கற்பனை அன்று. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மாலாங்கை அடுத்த பாத்து மலைப்பகுதியில் ஆப்பிள் பயிரிடுவோர், அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே அவற்றைத் துளிர்க்கச் செய்து, ஆண்டுக்கு இரண்டு அறுவடைகூட எடுக்கிறார்கள். ஆனால் அது மலைக்காற்றில், வேகமாகத் தழைக்கும் ஒரு பயிரில், தலைமுறை அனுபவத்தோடு செய்யப்படும் வேலை. டாக்வுட் மெதுவாக வளரும் மரம். இலையின்றி அது மீண்டும் மீண்டும் துளிர்க்க நேர்ந்தால், வேரில் சேர்த்து வைத்த உணவு தீர்ந்து இரண்டொரு பருவத்தில் நலிந்துவிடும்.

உங்கள் அனுபவத்துக்கு நெருக்கமான வேறொரு செய்தியையும் சொல்ல விரும்புகிறேன். இலையுதிர்வுக்குப் பின் பால்மரத்தின் இளந்துளிரில் சாம்பல் நோய் பற்றி இலைகள் மறுபடியும் கொட்டுவதையும், அதற்காகத் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவப்படுவதையும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் டாக்வுட்டைத் தாக்கும் சாம்பல் நோயும் அதே வகைப் பூஞ்சணக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மெல்லிய இளம் இலையைத் தேடி, வெண்மாவு பூசியதுபோல் படர்வதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

கேள்வி: கேமரன் மலையில் குளிர் இருக்கிறதே, இங்காவது டாக்வுட் வளருமா? – வாசகி, தானா ராத்தா

பதில்: தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள குளிர் மனிதர்களுக்குக் கம்பளி கேட்கும் அளவுக்கு உண்மையானது. டாக்வுட்டுக்கு அது போதாது. கேமரன் மலையில் 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று பதிவான 7.8 டிகிரிதான் நாட்டின் வானிலை நிலையங்களில் பதிவானவற்றுள் மிகக் குறைந்த வெப்பநிலை. அதாவது, நம் நாட்டின் மிகக் குளிர்ந்த இரவுகூட டாக்வுட் வாரக்கணக்கில் எதிர்பார்க்கும் குளிரை எட்டவில்லை. இமயமலைப் பகுதிக்குரிய 'கார்னஸ் கேப்பிட்டாட்டா' போன்ற பசுமை மாறாத இனங்கள் இலையுதிர்க்கும் இனங்களைவிட மிதமான குளிரில் வாழக்கூடியவை என்றாலும், அவற்றை நம்பி நிலத்தை ஒதுக்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டு வாசலிலேயே டாக்வுட்டின் உறவுச்செடி ஒன்று இருக்கலாம். கேமரன் மலையில் எங்கும் பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியா, தாவரவியல் வகைப்பாட்டில் டாக்வுட் அடங்கிய அதே பெருவரிசையைச் சேர்ந்தது. அதிலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவன அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்களே. மண் புளிப்பாக, அமில காரக் குறியீடு 5.5க்குக் கீழே இருக்கும்போது மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து செடிக்குக் கிடைப்பதால் பூங்கொத்து நீலமாகிறது. சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணித்தால் இளஞ்சிவப்பாக மாறுகிறது. வெள்ளை வகைகள் மட்டும் நிறம் மாறுவதில்லை. டாக்வுட்டின் சாயலை விரும்புகிற நீங்கள், தட்டையான கொத்தில் நடுவே சிறு பூக்களும் ஓரத்தில் பெரிய வெண்ணிறத் தகடுகளும் உள்ள வகையைத் தேடி நடுங்கள்.

கேள்வி: என் மகள் திருமணமாகி அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிறாள். அவள் வாங்கிய வீட்டின் புல்வெளியில் ஒரு டாக்வுட் மரம் உள்ளது. சென்ற ஆண்டு பூ குறைவு. கோடையில் இலையோரம் கருகியது. அடிமரத்தில் பட்டை வெடித்திருக்கிறது. அங்கு போகும்போது நான் என்ன பார்க்க வேண்டும்? திரும்பும்போது ஒரு கன்று கொண்டுவரலாமா? – வாசகி, ஸ்லிம் ரிவர்

பதில்: உங்கள் மகள் அம்மரத்தின் தாயகத்திலேயே வாழ்கிறார். டாக்வுட் பூ 1941 முதல் வட கரோலினாவின் மாநில மலர். அங்குள்ள காடுகளில் அது பெரிய மரங்களின் நிழலில், உதிர்ந்த இலைகள் மெத்தையிட்ட புளிப்பு மண்ணில் வளர்கிறது. இந்தக் காட்டு வாழ்க்கையை நினைவில் வைத்தால், வீட்டுத்தோட்டத்தில் அதற்கு நேரும் துன்பங்கள் அனைத்துக்கும் காரணம் புலப்படும். புல்வெளியின் நடுவில் முழு வெயிலில் நிற்பதும், புல்லோடு நீருக்குப் போட்டியிடுவதும் அதன் இயல்புக்கு மாறானவை.

முதலில் அடிமரத்தைப் பாருங்கள். பட்டை வெடித்த இடத்தில் மரத்தூள் போன்ற துகள் இருந்தால், தண்டுத்துளைப்பான் புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். புல்வெட்டும் இயந்திரம் மோதிய காயத்தின் வழியாகவே பெரும்பாலும் அது நுழைகிறது. டாக்வுட்டின் பட்டை மெல்லியது. ஆண்டுதோறும் இயந்திரம் உரசினால் எந்த மருந்தும் அதைக் காக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றி, இயன்றால் கிளைகள் பரவியிருக்கும் அளவுக்கு, புல்லை மெதுவாக அகற்றிவிட்டு, மக்கிய இலையையோ மரப்பட்டைச் சீவலையோ 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பச் சொல்லுங்கள். வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுவதால் கொத்திக் கிளறக்கூடாது. மூடாக்கு அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். பட்டைமீது ஈரம் தேங்கினால் அது அழுகும். என்னைக் கேட்டால், டாக்வுட்டுக்குச் செய்யத்தக்க உதவிகளில் இதற்கு இணையானது வேறு இல்லை.

இலையோரம் கருகுவது பெரும்பாலும் நீர்ப்பற்றாக்குறையால். மழையில்லாத கோடை வாரங்களில் 2.5 சென்டிமீட்டர் மழைக்கு ஈடான நீரை வாரம் ஒருமுறை நின்று நிதானமாக ஊற்ற வேண்டும். நாள்தோறும் சிறிது தெளிப்பதால் வேர் இன்னும் மேலே வருமே தவிரப் பயன் இல்லை. இலைமீது நீர் படாமல் மண்ணுக்கே விடுவது நல்லது. பூ குறைந்ததற்குப் புல்வெளிக்கு இடும் தழைச்சத்து உரமும் காரணமாக இருக்கலாம். அது மரத்தை இலையாகவே வளர்த்து, சாம்பல் நோய்க்கும் இடம் தருகிறது. கோடையின் பிற்பகுதியிலோ இலையுதிர்காலத்திலோ யாரேனும் கிளை நுனிகளை ஒழுங்குபடுத்தி வெட்டியிருந்தால், அடுத்த வசந்தத்தின் மொட்டுகளும் அவற்றோடு போயிருக்கும். டாக்வுட்டுக்கு வெட்டுதல் மிகக் குறைவாகவே தேவை; காய்ந்த கிளைகளைக் குளிர்காலத்தில் அகற்றினால் போதும். துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி பறக்கும் வசந்த மாதங்களில் புதிய காயம் எதுவும் ஏற்படக்கூடாது.

கவலைக்குரிய நோய் ஒன்று உண்டு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் இரு கரைகளிலும் கண்டறியப்பட்ட டாக்வுட் ஆந்த்ரக்னோஸ், மலைக்காடுகளில் ஏராளமான டாக்வுட் மரங்களை அழித்துவிட்டது. ஊதா விளிம்புடைய பழுப்புப் புள்ளிகள் இலையில் தோன்றும். கீழ்க்கிளைகள் முதலில் காயும். காய்ந்த இலைகள் குளிர்காலத்திலும் உதிராமல் தொங்கும். அடிமரத்தில் திடீரென ஏராளமான நீர்த்துளிர்கள் கிளம்பும். குளிர்ந்த, ஈரமான, காற்றோட்டமற்ற நிழலில்தான் இது கடுமையாகும். புல்வெளி மரத்துக்குக் கிடைக்கும் காற்றும் காலை வெயிலும் இந்த ஒரு வகையில் அதற்குப் பாதுகாப்பு. மரம் தேறாமற்போய்ப் புதிதாக நடும் நிலை வந்தால், இந்நோயைத் தாங்கும் 'அப்பலாச்சியன் ஸ்பிரிங்' வகையையோ, நோய்த்தாங்கும் ஆற்றல் பொதுவாகவே மிகுந்த கௌசா இனத்தையோ கேட்டு வாங்கலாம். வேர்ப்பந்தைவிட இரண்டு மடங்கு அகலமாகக் குழி எடுத்து, ஆழத்தை மட்டும் வேர்ப்பந்தின் உயரத்தோடு நிறுத்தி, அடிமரம் விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும்.

கன்று கொண்டுவருவது பற்றி: அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். 1976ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடைச் சட்டத்தின்படி, முன் அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இன்றிச் செடிகளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. நாட்டின் நுழைவாயில்களில் அதிகாரிகள் இதைச் சோதிக்கிறார்கள். விதைக்கும் இதே கண்டிப்பு உண்டு. தாப்பா வாசகியும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். நம்மைப் போன்ற தோட்டத்து மக்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரிந்திருக்க வேண்டும். தென் அமெரிக்க இலைக்கருகல் நோய்தான் பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய ஃபோர்டுலாந்தியா ரப்பர்த் தோட்டத்தைத் தோல்வியடையச் செய்தவற்றுள் முதன்மையானது. நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் வெட்டிய பால்மரங்கள் அந்த நோய் நாட்டுக்குள் வராததால்தான் பிழைத்து நின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் ஒரு பிடி மண்ணிலோ ஓர் இலையிலோ வந்துவிட முடியும்.

கேள்வி: வெள்ளை முசாண்டாவைக் குச்சி வைத்து வளர்க்கப் பார்த்தேன், வேர்விடவில்லை. நாற்றுப்பண்ணையில் வாங்கி மதில் ஓரம் நட்ட செடியோ இலை மஞ்சளித்து நிற்கிறது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய ரப்பர் நிலத்தில் எங்கள் வீடு இருக்கிறது. – வாசகர், சுங்காய்

பதில்: உங்கள் கேள்வி தாப்பா வாசகிக்கும் விடையாகிறது. டாக்வுட்டின் வெள்ளை நிறைவை நம் சமவெளியில் தரக்கூடிய செடிகளுள் முசாண்டாவுக்கே நான் முதலிடம் கொடுப்பேன். காட்டு முசாண்டாவில் ஒரு புல்லி இதழ் மட்டுமே வெண்மையாகப் பெருத்திருக்கும். நடுவில் சிறிய மஞ்சள் நட்சத்திரமாக இருப்பது பூ. பிலிப்பீன்ஸின் மக்கிலிங் மலையில் ஐந்து புல்லி இதழ்களும் வெண்மையாக விரிந்த ஓர் அரிய செடி கண்டெடுக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் மானுவல் குவேசோனின் துணைவியார் பெயரால் 'டோனியா அவுரோரா' எனப்பட்டது. இன்று வீடுகளில் காணும் வெள்ளை முசாண்டா அதன் வழிவந்ததே. அது விதை பிடிப்பதில்லை. குச்சியும் எளிதில் வேர்விடாது. பென்சில் பருமனுள்ள, பாதி முதிர்ந்த கிளையில் விண்பதியம் கட்டுங்கள். விரலகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, ஈரத் தென்னைநார்த் தூளை வைத்து நெகிழித்தாளால் இறுகக் கட்டி, வெண்வேர் நிறைந்து தெரிந்த பிறகு வெட்டி நடலாம். மழைக்காலத் தொடக்கம் இதற்கு ஏற்றது.

இலை மஞ்சளிப்பதற்கு மதில்தான் காரணமாக இருக்க வேண்டும். சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுவதால் செடிக்கு இரும்புச்சத்து கிடைப்பதில்லை. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் ஐயமே இல்லை. மதிலிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, காலை வெயில் நன்றாக விழும் இடத்தில் நடுங்கள். பழைய ரப்பர் நிலமாதலால், குழி எடுக்கும்போது அகப்படும் மட்கிய கட்டைகளையும் வேர்களையும் முற்றிலும் அகற்றிவிடுங்கள். பால்மரத்தின் வெள்ளை வேர் நோய் அத்தகைய கட்டைகளில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து வேறு மரஞ்செடிகளையும் பற்றும். செம்பனை ஆலையில் கிடைக்கும் வெறுங்குலையை நன்கு மக்கவைத்து மூடாக்காகப் போட்டால் சாம்பல்சத்தும் சேரும். பச்சைக் குலையை அப்படியே போட்டால் ஈ மொய்க்கும். பூத்து ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டுங்கள். புதுத்துளிரில்தான் அடுத்த பூக்கொத்து வரும். இலையடியில் மாவுப்பூச்சியோ வெள்ளை ஈயோ தென்பட்டால், நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மென்சோப்புக் கரைசலை மாலையில் தெளித்தால் போதும்.

கேள்வி: தமிழ்நாட்டில் கோவில்களில் தலமரமாக இருக்கும் அழிஞ்சில் டாக்வுட் குடும்பத்தைச் சேர்ந்தது என்று படித்தேன். உண்மையா? இங்கே வளர்க்கலாமா? – வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உண்மை. அழிஞ்சில் இன்றைய வகைப்பாட்டின்படி டாக்வுட்டின் குடும்பமான கார்னேசியிலேயே வைக்கப்படுகிறது. அதன் மெல்லிய வெளிர்நிற இதழ்கள் பின்னோக்கிச் சுருண்டு, நல்ல மணத்தோடு, இலையற்ற கிளைகளில் கோடையின் தொடக்கத்தில் பூக்கும். குளிர் தேவையில்லாத உறவினர் என்பதால் நம் வெப்பத்தில் தாராளமாக வளரும். ஆனால் பூக்க ஒரு தெளிவான வறண்ட காலம் அதற்கு வேண்டும்; பேராக்கின் ஓயாத மழையைவிடக் கெடாவிலும் பெர்லிசிலும் ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறட்சியே அதற்கு உகந்தது. உங்கள் ஊரில் நடுவதானால், நீர் தேங்காத மேட்டில், முழு வெயிலில் நட்டு, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நீர் ஊற்றுவதை நிறுத்திப் பாருங்கள். கிளைகளில் முள் இருக்கக்கூடும் என்பதால் நடைபாதையை ஒட்டி வேண்டாம். வேர்ப்பட்டை கடும் வாந்தியை உண்டாக்கும். சித்த மருத்துவர் சொல்லாமல் அதை மருந்தாக யாரும் உட்கொள்ளக்கூடாது.